டம்ளர் ஆடாத பயணம்: மோட்டார்ஹோம் டயர் பேலன்சிங் – சில பயனுள்ள குறிப்புகள்

அமெரிக்காவில் நாங்கள் மோட்டார்ஹோம் வாங்கிய முதல் கோடையில், சக்கரத்தில் கோளாறு என்று எங்களுக்குச் சொன்னவை சமையல் அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள்தான். மணிக்கு 55 மைலைத் தாண்டியதும் மெல்லக் கிணுகிணுக்கும். 62-ல் அலமாரிக் கதவே அதிரும். 68-க்குப் போனால் அடங்கிவிடும். சாலை சரியில்லை என்று முதல் இரண்டு நாள் நினைத்தோம். மூன்றாம் நாள் குளிர்பதனப் பெட்டியின் கதவுத் திருகு கழன்று தரையில் கிடந்தது. மோட்டார்ஹோம் வெறும் வண்டியாக இருந்தால் ஓட்டுநருக்கு மட்டும் கை வலிக்கும். வீடாகவும் இருப்பதால் குழாய் இணைப்பு, அலமாரிக் கீல், எரிவாயு அடுப்பின் தாங்கி என்று ஒவ்வொன்றும் அந்த உதறலை வாங்குகிறது. அதற்குப் பிறகு இந்த ஊர்க் கடைகளில் கேட்டும் செய்து பார்த்தும் கற்றுக்கொண்டவற்றை, மோட்டார்ஹோம் வாங்கியிருக்கும் அல்லது வாங்கப் போகும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வேகத்தில் உதறல் தொடங்குகிறது, எந்த வேகத்தில் அதிகம், எந்த வேகத்தில் குறைகிறது. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் எழுதட்டும். ஸ்டியரிங் கையில் ஆடினால் முன் சக்கரத்தைச் சந்தேகியுங்கள். இருக்கையும் தரையும் பின்பக்கப் படுக்கையும் அதிர்ந்தால் பின் சக்கரம். பேலன்ஸ் கோளாறு, அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாத கோளாறு, பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு வேக எல்லைக்குள்தான் உரக்கப் பேசும். எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி குதித்தால் காரணம் வேறாக இருக்கலாம்.

2. குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்த வண்டியை எடுத்ததும் வரும் தடதடப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல டன் எடை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்ததால் டயரின் அடிப்பகுதி தட்டையாகியிருக்கும். ஓடி ஓடி ரப்பர் சூடானதும் பெரும்பாலும் அது தானே பழைய வடிவத்துக்குத் திரும்பும். அரை மணி நேரமாவது ஓட்டிய பிறகும் உதறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. கான்கிரீட் சாலையில் சோதிக்காதீர்கள். பலகை பலகையாக வார்த்த சாலையின் இணைப்புகள் ஒரே தாளத்தில் 'தடக் தடக்' என்று அடிக்கும். அது டயரின் குற்றம் இல்லை. வழவழப்பான தார்ச் சாலையாகப் பார்த்து ஓட்டிப் பாருங்கள்.

4. உதறலின் வேகத்தையும் கவனியுங்கள். பெரிய டீசல் மோட்டார்ஹோமின் 22.5 அங்குலச் சக்கரம் ஒரு மைலுக்கு ஏறத்தாழ 500 தடவை உருளும். மணிக்கு 60 மைலில் போனால் ஒரு நிமிடத்துக்கு ஒரு மைல். அதாவது நிமிடத்துக்கு 500 சுற்று, நொடிக்கு எட்டுக்குச் சற்று மேல். இது எண்ணிவிடக்கூடியது மாதிரித் தோன்றும் மொத்தமான ஆட்டம். டிரைவ் ஷாஃப்ட் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றுவதால் அதில் கோளாறு இருந்தால் ரீங்காரம் போன்ற நடுக்கம் வரும். பிரேக் மிதித்தால் மட்டும் ஆடினால் பிரேக் டிரம்மையோ டிஸ்க்கையோ பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு கோளாறுக்கும் டயர் பேலன்சிங் மருந்தாகாது.

5. 'சக்கரத்தில் நூறு கிராம் எடை வித்தியாசம் பத்து டன் வண்டியை என்ன செய்யும்?' என்று தோன்றும். 22.5 அங்குல ரிம்மின் ஓரத்தில் 100 கிராம் கூடுதலாக இருந்தால், 60 மைல் வேகத்தில் அது ஏறத்தாழ 8 கிலோ விசையோடு வெளிப்புறமாக இழுக்கும். அதே 100 கிராம் டயரின் தரை தொடும் பகுதியில் இருந்தால் 14 கிலோவைத் தாண்டும். அந்த இழுப்பு நொடிக்கு எட்டு முறை மேலும் கீழும் மாறி மாறி அடிக்கிறது. இந்த விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 30 மைலில் கால்வாசிதான். அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை.

6. பேலன்சிங்குக்குக் காசு கொடுக்குமுன் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் DOT (டாட்) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள்தான் பிறந்த தேதி. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மோட்டார்ஹோம் டயர்கள் தேய்ந்து சாவது குறைவு. நின்றபடியே வெயிலில் வெடிப்பு விட்டு மூப்படைவதுதான் அதிகம். ஐந்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வயதைத் தாண்டிய டயரை, பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், வைத்திருக்கக் கூடாது. அடுத்த ஆண்டு மாற்றப் போகும் டயருக்குச் செலவு மிகுந்த முறை எதற்கு?

7. டயர் ரிம்மில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் மெல்லிய வளையக் கோடு ஒன்று ஓடும். ரிம் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கடிகாரத்தின் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் ஒரு சிறு அளவுகோலால் அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் டயர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. காற்றை இறக்கி, விளிம்புக்கு மசகு தடவி, மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். எங்கள் வண்டியின் இடது முன் சக்கரத்தில் கோளாறு இதுதான். அதைப் பார்க்காமலே ஒரு கடையில் இரண்டு தடவை, சமன் செய்யும் எடைத் துண்டை ரிம்மில் அடித்துக் காசு வாங்கினார்கள். இரண்டாம் தடவை பழைய துண்டுகளைக்கூடக் கழற்றவில்லை.

8. உங்கள் சக்கரத்தின் அளவே பாதி முடிவை எடுத்துவிடும். ஃபோர்டு ஈ-450 போன்ற வேன் முகப்பு கொண்ட 'கிளாஸ் சி' வண்டிகளில் 16 அங்குலச் சக்கரம். சாதாரண டயர் கடையிலேயே வேலை முடிந்துவிடும். பேருந்து போன்ற 'கிளாஸ் ஏ' பெட்ரோல் வண்டிகளில் 19.5 அல்லது 22.5 அங்குலம். பெரிய டீசல் வண்டிகளில் 22.5. இந்தக் கடைசி அளவில் டயரும் ரிம்மும் சேர்ந்து 80 கிலோவைக்கூடத் தாண்டலாம். கார் டயர் கடையின் இயந்திரத்தில் அதை ஏற்றவே முடியாது. லாரி டயர் கடைக்குத்தான் போக வேண்டும். நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் டயர் மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் பெரிய சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கும் இயந்திரம் எல்லா இடத்திலும் இருக்காது. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

9. இயந்திரத்தில் சுழற்றி எடைத் துண்டு வைக்கும் முறை. எனக்கு இன்றைக்கும் முதல் நம்பிக்கை இதில்தான். சக்கரத்தைக் கழற்றி இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றினால், ரிம்மின் உள்பக்கம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு எடை குறைகிறது என்று தனித்தனியாகக் காட்டும். இரண்டு பக்கமும் முக்கியம். மேலும் கீழும் குதிக்கும் கோளாறு ஒன்று. பக்கவாட்டில் தள்ளாடும் கோளாறு இன்னொன்று. முன் சக்கரம் தள்ளாடினால் ஸ்டியரிங் நேராகக் கையில் ஆடும். ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும் எளிய முறைகளில் இந்தத் தள்ளாட்டம் தப்பிவிடும்.

இந்த முறையில் வேலையின் தரம் முழுக்க மாட்டும் விதத்தில் இருக்கிறது. சக்கரத்தின் மையத் துளைக்குப் பொருந்தும் சரியான கூம்பு இல்லாமல் மாட்டினால், நல்ல சக்கரமும் கோளாறாகத் தெரியும். சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. எடை வைத்து இரண்டு பக்கமும் சுழி காட்டிய பிறகு, சக்கரத்தைத் தளர்த்தி, தண்டின் மேல் அரைச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி சுழற்றச் சொல்லுங்கள். அப்போதும் சுழியே வந்தால் சரி. எண் மாறினால் சக்கரம் மையத்தில் உட்காரவில்லை என்று பொருள். நல்ல தொழிலாளி இதைக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். பலர் கேட்காமலே செய்கிறார்கள். பழைய துண்டுகளைக் கழற்றி, ரிம்மின் உள்பக்கச் சேற்றைச் சுரண்டி, டயர் இடுக்கில் மாட்டிய கற்களை எடுத்த பிறகே சுழற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

10. எடைத் துண்டிலும் வகை உண்டு. இரும்பு ரிம்முக்குச் செய்த கொக்கியை அலுமினிய ரிம்மில் அடித்தால் பிடிப்பு சரியாக இராது. கீறலும் அரிப்பும் வரும். அலுமினியத்துக்கென்று பூச்சுள்ள துண்டு தனியாகக் கிடைக்கிறது. ஒட்டும் வகை என்றால், ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்ட பிறகே ஒட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் 2010 முதல் ஈயத் துண்டுகளுக்குத் தடை இருக்கிறது. எஃகு, துத்தநாகத் துண்டுகள் அந்த வேலையைச் செய்கின்றன.

11. டயருக்குள் மணி போடும் முறை. கடுகைவிடச் சிறிய கண்ணாடி அல்லது பீங்கான் மணிகளை டயரின் அளவுக்கேற்ப எடைபோட்டு உள்ளே கொட்டிவிடுவார்கள். ஓடும்போது அவை தாமே கனம் குறைந்த பக்கத்துக்குப் போய்ச் சமன் செய்யும் என்பார்கள். முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. கனமான பக்கத்துக்குத்தானே எல்லாம் ஓடும் என்று நினைத்தேன்.

விளங்க வைத்தது வாஷிங் மெஷின். மேலே மூடி திறக்கும் மெஷினின் தொட்டி விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். பல மெஷின்களில் அதற்குள் உப்புநீர் அடைத்திருப்பார்கள். ஈரத் துண்டுகள் ஒரு பக்கம் குவிந்து தொட்டி சுற்றத் தொடங்கும்போது முதலில் தடதடவென்று ஆடும். வேகம் ஒரு வரம்பைத் தாண்டியதும் ஆட்டம் அடங்கும். வில்லில் தொங்கும் எந்தப் பொருளும் அந்த வரம்பைத் தாண்டிச் சுற்றினால், தன் கனமான புறத்தை மையத்தை நோக்கி இழுத்துக்கொள்ளும். அப்போது கனம் குறைந்த புறம் மையத்திலிருந்து விலகுகிறது. தளர்ந்து கிடக்கும் நீர் விலகிய புறத்துக்கே ஓடிச் சமன் செய்கிறது. டயருக்குள் இருக்கும் மணியும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் இரண்டு விஷயங்கள் தெளிவாகும். குறைந்த வேகத்தில் மணிகளால் பயன் இல்லை. அசையாத தண்டில் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து மணி போட்ட சக்கரத்தைச் சோதிக்கவும் முடியாது. சாலையில்தான் பார்க்க வேண்டும்.

இதன் பெரிய லாபம், டயர் தேயத் தேய மணிகளும் இடம் மாறிக்கொள்வது. எடைத் துண்டு தெறித்து விழும் கவலையும் இல்லை.

12. மணி போட முடிவு செய்தால் இவற்றை மறக்காதீர்கள்:

வால்வுக்குள் சல்லடை உள்ள ஊசியைப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் காற்றழுத்தம் பார்க்கும்போது ஒரு மணி வந்து இடுக்கில் உட்கார்ந்து காற்று கசியும். அழுத்தம் பார்க்கும்போது வால்வு மேலே இருக்குமாறு வண்டியை நிறுத்துவதும் உதவும். டயருக்குள் ஈரம் இருந்தால் மணிகள் கட்டியாகிவிடும். உலர்ந்த காற்று அடிக்கும் கடையைத் தேடுங்கள். பஞ்சர் அடைக்கும் திரவத்தை அந்த டயருக்குள் ஒருபோதும் விடாதீர்கள், மணிகள் அதோடு சேர்ந்து கூழாகிவிடும். பழைய எடைத் துண்டுகளை எடுத்துவிட்டுத்தான் மணி போட வேண்டும். 'இந்த டயருக்குள் மணி இருக்கிறது' என்று ரிம்மில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். வழியில் பஞ்சர் பார்ப்பவர் அறியாமல் திறந்தால் அத்தனையும் தரையில்.

13. சக்கரத்துக்குப் பின்னால் வளையம் மாட்டும் முறை. வாஷிங் மெஷின் வளையத்தின் நேர் உறவு இது. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு தட்டு. அதன் ஓரக் குழாயில் திரவமும் சிறு குண்டுகளும் அடைத்து மூடியிருக்கும். டயரை மாற்றினாலும் இது வண்டியிலேயே இருக்கும். டயரோடு சேர்த்து ஹப், டிரம் ஆகியவற்றின் சமனின்மையையும் இது ஏற்றுக்கொள்வது கூடுதல் நன்மை. பிரேக் பாகத்தில் உரசாமல் இருக்கிறதா, தட்டின் தடிமனுக்குப் பிறகும் போல்ட்டுக்குப் போதுமான நீளம் மிஞ்சுகிறதா என்று மாட்டும்போது பார்க்க வேண்டும். வளையம் ஒரே தளத்தில் இருப்பதால் மேலும் கீழும் குதிக்கும் கோளாறைத்தான் நன்றாகத் தீர்க்கும். பக்கவாட்டுத் தள்ளாட்டத்துக்கு அவ்வளவாக உதவாது. விலை அதிகம். பத்து ஆண்டு வைத்திருக்கப் போகும் வண்டிக்கு முன் சக்கரங்கள் இரண்டுக்கும் மாட்டுவது பொருந்தும். இரண்டு ஆண்டில் விற்கப் போகிறவர்களுக்கு வேண்டாம்.

14. வண்டியில் மாட்டியபடியே மின்மோட்டாரால் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கும் பழைய முறை சில கடைகளில் இன்னும் உண்டு. அதுவும் ஹப்போடு சேர்த்தே சமன் செய்யும். ஆனால் சக்கரத்தைக் கழற்றி வேறு போல்ட் துளையில் மாற்றி மாட்டினால் அத்தனை உழைப்பும் போச்சு. கழற்றுமுன் ஒரு போல்ட்டுக்கும் ரிம்முக்கும் சேர்த்துச் சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

15. வட்டமில்லாத டயரை எந்த முறையும் வட்டமாக்காது. எடை சமமாக இருந்தும் ஒரு பக்கம் மேடாகவோ விறைப்பாகவோ இருந்தால், தரையில் அழுந்தும் ஒவ்வொரு சுற்றிலும் அது வண்டியைத் தூக்கும். மணி, வளையம், துண்டு எதுவும் இங்கே எடுபடாது. உருளை ஒன்றால் டயரை அழுத்திச் சுழற்றி விறைப்பை அளக்கும் இயந்திரம் 16 அங்குல அளவுக்குப் பல கடைகளில் இருக்கிறது, 22.5-க்குக் கிடைப்பது அரிது. புது டயரில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது விறைப்பு உச்சமாக இருக்கும் இடம். ரிம்மில் தாழ்வான இடத்துக்குக் குறி இருந்தால் இரண்டையும் நேராக வைத்து ஏற்ற வேண்டும். மஞ்சள் புள்ளி கனம் குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைப்பார்கள். டயர் ஏற்றும்போது பக்கத்தில் நின்று இந்தப் புள்ளிகளைக் காட்டுங்கள். இரண்டு நிமிட வேலை இது.

16. பின்பக்கம் இரு புறமும் இரட்டையாக இருக்கும் சக்கரங்கள் நான்குக்கும் பேலன்ஸ் வேண்டுமா? 'முன்னாடி ரெண்டு போதும்' என்று சொல்லும் கடைகள் ஏராளம். முன் சக்கரத்துக்கு முதலிடம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படுக்கை பின்னால் இருக்கிறது. ஒருவர் ஓட்டும்போது குழந்தையோ பெரியவரோ பின்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குத்தான் அந்த அதிர்வு போய்ச் சேரும். புது டயர் ஆறும் சேர்ந்து மாற்றும்போது எல்லாவற்றையும் கழற்றத்தான் போகிறார்கள். அப்போது ஆறுக்கும் செய்துகொள்ளுங்கள். பின்னர் தனியாகச் செய்யப் போனால் உள் சக்கரத்தை எடுக்கும் கூலியே அதிகமாகிவிடும்.

17. காற்றழுத்தம் காட்டும் சென்சாரை வால்வின் மேல் திருகியிருந்தால் அதுவும் எடைதான். அதை மாட்டிய பிறகே சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சட்டம் இந்தச் சென்சாரைக் கட்டாயமாக்கவில்லை. அதனால் பெரிய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தாமே வாங்கி மாட்டுகிறார்கள். கடைக்காரருக்கு நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும்.

18. என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். 16 அங்குலம் என்றால் வேறு யோசனையே வேண்டாம்; இயந்திரத்தில் சுழற்றி எடைத் துண்டு, உதறல் நிற்காவிட்டால் விறைப்பு அளக்கும் சோதனை. 22.5 என்றால் முன் இரண்டுக்கும் இயந்திர பேலன்சிங். பின் நான்குக்கு, நல்ல இயந்திரம் உள்ள கடை பக்கத்தில் இல்லையென்றால் மணி. நெடுந்தூரம் ஓட்டி, வண்டியை நெடுநாள் வைத்திருப்பவர்கள் முன்பக்கம் வளையம் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் வண்டியில் டயரைச் சரியாக உட்காரவைத்து முன் இரண்டையும் சுழற்றி எடை வைத்ததும் டம்ளர் சத்தம் நின்றது. பின்பக்கம் மணி போட்டிருக்கிறோம்.

19. வண்டியைச் சமமாக நிறுத்த உதவும் ஹைட்ராலிக் கால்களைக் கொண்டு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வேலை பார்க்காதீர்கள். அவை அதற்குச் செய்தவை அல்ல. வண்டி சரிந்து உயிரைப் பறிக்கும். நூறு பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று பிடிக்கும் டயரை ஏற்றி இறக்குவதும் வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை. காற்று ஏற்றும்போது டயரை உள்ளே வைக்க இரும்புக் கூண்டு வைத்திருக்கும் கடைக்கே விட்டுவிடுங்கள்.

20. சக்கரம் கழன்று மாட்டப்பட்ட ஒவ்வொரு முறையும் நட்டின் முறுக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும். ஹப்பின் மேல் உட்காரும் வகை 22.5 அங்குலச் சக்கரங்களில் 22 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 450 முதல் 500 அடி-பவுண்டு. 50 முதல் 100 மைல் ஓடிய பின் எந்த டயர் கடையிலாவது நிறுத்திச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

21. டாஷ்போர்டுப் பெட்டியில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். ஆறு சக்கரத்துக்கும் ஆறு பக்கம். டயரின் பிறந்த வாரம், எந்த முறையில் பேலன்ஸ் செய்தது, உள்பக்கம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு, மணி என்றால் எத்தனை அவுன்ஸ், அன்றைக்கு மைல்மானி காட்டிய எண், நட்டு மறுபடி இறுக்கிய தேதி. அடுத்த தடவை உதறல் வந்தால் முதலில் அந்த நோட்டை விரித்து, அதில் குறித்த எடைத் துண்டு ரிம்மில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துண்டு விழுந்த இடத்தில் தூசி படியாத ஒரு வெளிறிய தடம் தெரியும்.